கோடி டிகிரியும் கடைசிச் சில சென்டிமீட்டரும்

காஞ்சிபுரத்து இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

பிள்ளையார்பாளையம், ஏனாத்தூர், வாலாஜாபாத், உத்திரமேரூர் என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து நம் ஊரில் இயற்பியல் படிக்கிற உங்கள் எல்லாருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன்.

‘செயற்கைச் சூரியன்’ என்று தலைப்புப் போட்டுச் செய்தி வரும் நாளில் வகுப்பில் ஒரு கேள்வி தவறாமல் எழும். 2025 ஜனவரியில் சீனாவின் ஈஸ்ட் இயந்திரம் 1066 விநாடி பிளாஸ்மாவை அணையாமல் வைத்திருந்தது. அடுத்த மாதமே பிரான்சின் வெஸ்ட் இயந்திரம் 1337 விநாடி என்று அதைத் தாண்டியது. இரண்டு செய்திக்கும் அதே கேள்விதான்: “அவ்வளவு சூட்டில் பாத்திரம் உருகிவிடாதா சார்?”

காந்தப்புலம் பிளாஸ்மாவைப் பிடித்து நிறுத்துகிறது, அதனால் அது சுவரைத் தொடுவதில்லை என்று பதில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது பாதிப் பதில். பிளாஸ்மா சுவரைத் தொடத்தான் செய்கிறது. எந்த இடத்தில், எவ்வளவு வேகமாக, எவ்வளவு வெப்பத்தைச் சுமந்துகொண்டு வந்து தொடுகிறது என்பதில்தான் அணுக்கரு இணைவின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. அந்த மீதிப் பாதியை உங்களுக்குச் சொல்லவே இந்த மடல். நம் நாட்டு இயந்திரம் ஒன்று அதில் பெயர் வாங்கியிருக்கிறது. அது நம் மாணவர்கள் காதுக்கு வந்து சேரவில்லையே என்ற ஆதங்கமும் எனக்கு நெடுநாளாக உண்டு.

செய்தியில் வந்த அந்த இரண்டு இயந்திரங்களும் டோகமாக்குகள். டோகமாக் என்பது வளைந்து வந்து தன்னையே சந்திக்கும் ஒரு பெரிய குழாய். உள்ளே காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, சிறிதளவு ஹைட்ரஜன் வாயுவை விட்டு, மின்னோட்டம் பாய்ச்சிப் பிளாஸ்மாவாக்குகிறார்கள். சுற்றிலும் காந்தச் சுருள்கள். பிரான்சின் தெற்கில் கதராஷ் என்ற இடத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் ஈட்டர் இயந்திரத்தின் மையத்தில் 15 கோடி டிகிரி சூடு இருக்கும். அங்கிருந்து பிளாஸ்மாவின் விளிம்பு வரை 2 மீட்டர்தான். அந்த 2 மீட்டருக்குள் கோடிகள் கரைந்து, உலோகம் தாங்கும் அளவுக்கு வந்தாக வேண்டும். உள்ளே எந்த நேரத்திலும் இருக்கும் எரிபொருளின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். நாம் சுவாசிக்கும் காற்றைவிட லட்சக்கணக்கான மடங்கு மெலிந்த பொருள் அது.

துகள்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழல்கின்றன. ஒன்றோடொன்று மோதும்போது மட்டுமே அடுத்த கோட்டுக்குத் தாவும். அப்படிக் கணக்கிட்டால் வெப்ப இழப்பு மிகக் குறைவாக வர வேண்டும். ஆரம்பகால ஆய்வாளர்கள் அதை நம்பித்தான் இறங்கினார்கள். 1955இல் ஜெனீவாவில் நடந்த அணுசக்தி மாநாட்டில் தலைமை உரையாற்றிய ஹோமி பாபா, அடுத்த 20 ஆண்டுகளுக்குள் இணைவு ஆற்றலைக் கட்டுப்படுத்தி எடுக்கும் வழி கண்டுபிடிக்கப்படும் என்றார். அது நடக்கவில்லை. உண்மையான இயந்திரங்களில் வெப்பம் கணக்குக்கு மீறிக் கசிந்தது, பல மடங்கு அதிகமாக. பெரும் காரணம் கொந்தளிப்பு.

ரெனால்டு எண் படித்திருக்கிறீர்கள். குழாயில் தண்ணீரின் வேகம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஓட்டம் கலைந்து சுழிகள் பிறக்கும் என்று தெரியும். பிளாஸ்மாவில் சுழிகளுக்குத் தீனி போடுவது வெப்பத்தின் சரிவும் அடர்த்தியின் சரிவும். சரிவு மிகச் செங்குத்தாக இருக்கும் இடம் விளிம்பு. மையத்தில் அடர்த்தியின் ஏற்ற இறக்கம் நூற்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும்போது, விளிம்பில் அது நூற்றுக்குப் பத்து, ஐம்பது என்று ஏறும். சில சமயம் சராசரிக்குச் சமமாகவே போய்விடும்.

விளிம்பு என்றால் என்ன என்பதை நம் தறியை வைத்துச் சொல்கிறேன். கோர்வைப் புடவையில் உடல் தனி, கரை தனி. மூன்று நாடா ஓடும். கரையோர நாடாவைப் போட மறுபுறம் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் கொக்கி போட்டுக்கொள்ளும் அந்த ஒரு வரிசையில்தான் நெசவாளியின் முழுத் திறமையும் தெரியும். டோகமாக்கிலும் அப்படி ஒரு வரிசை உண்டு. உள்ளே இருக்கும் காந்தக் கோடுகள் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் சுவரைத் தொடாதவை. வெளியே இருப்பவை போய்ச் சுவரில் முட்டி முடிபவை. இரண்டும் சந்திக்கும் மேற்பரப்புதான் விளிம்பு. கோர்வையில் இரண்டும் பிரியாமல் பிணைய வேண்டும். இங்கே உள்ளிருப்பது வெளியே போகாமல் நிற்க வேண்டும். ஒப்பீடு அதோடு முடிந்தது.

சரி, உள்ளிருப்பது எப்படி வெளியே போகிறது? உங்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமே இதற்குப் போதும் என்பதுதான் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஒன்றுக்கொன்று செங்குத்தாக மின்புலமும் காந்தப்புலமும் இருக்கும் இடத்தில், ஒரு மின்துகள் எந்த வேகத்தில் வந்தால் விலகாமல் நேரே போகும் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுக்க வேண்டும். விடையில் துகளின் மின்னூட்டமும் வராது, நிறையும் வராது. பிளாஸ்மாவிலும் அதே சமன்பாடுதான் ஆட்சி செய்கிறது. காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஒரு மின்புலம் தோன்றிவிட்டால், எலக்ட்ரானும் அயனியும் சேர்ந்தே ஒரு திசையில் ஒரே வேகத்தில் நகரும்.

அந்த மின்புலம் எங்கிருந்து வருகிறது? வளையத்தின் உட்பக்கம் காந்தச் சுருள்கள் நெருக்கமாகவும் வெளிப்பக்கம் அகன்றும் நிற்கின்றன. ஆகவே உட்பக்கம் புலம் வலுவானது, வெளிப்பக்கம் தளர்ந்தது. இந்த ஏற்றத்தாழ்வால் அயனிகள் மேலே ஒதுங்கினால் எலக்ட்ரான்கள் கீழே ஒதுங்கும். வெளிப்பக்க விளிம்பில், அக்கம்பக்கத்தைவிட அடர்ந்த ஒரு சிறு திரள் தற்செயலாக உருவானதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல்முனையில் நேர்மின்னூட்டமும் கீழ்முனையில் எதிர்மின்னூட்டமும் சேர்ந்து, நடுவில் மின்புலம் பிறக்கும். அது மீட்டருக்கு 1000 வோல்ட், காந்தப்புலம் 1 டெஸ்லா என்றால் வேகம் விநாடிக்கு 1000 மீட்டர். நோட்டை எடுத்துத் திசையையும் கண்டுபிடியுங்கள். சுருளில் மின்னோட்டத்தின் திசையைத் திருப்பினாலும் விடை மாறாது: திரள் வெளிப்புறமாக, சுவரை நோக்கியே போகும். 5 சென்டிமீட்டர் இடைவெளியைக் கடக்க அதற்கு 50 மைக்ரோவிநாடி போதும். நான் வசதிக்காக எடுத்த எண்கள் இவை. என்றாலும் நிஜ இயந்திரங்களில் அளந்த வேகங்களும் இதே அளவில்தான் இருக்கின்றன.

இப்போது குஜராத்துக்கு வாருங்கள். காந்திநகரை ஒட்டிய பாட் என்ற ஊரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அகமதாபாத்தில் 1982இல் ஒரு ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, 1986இல் தனி நிறுவனமானது. பிரதிமன் காவ் அதை வளர்த்தெடுத்தவர். அங்கே நம்மவர்களே வடிவமைத்துக் கட்டிய முதல் டோகமாக்கின் பெயர் ஆதித்யா. 1989இல் இயங்கத் தொடங்கியது. வளையத்தின் பெரிய ஆரம் 75 சென்டிமீட்டர், பிளாஸ்மாவின் சிறிய ஆரம் 25 சென்டிமீட்டர். மையத்தின் சூடு சில பத்து லட்சம் டிகிரிதான். சாதனைப் பட்டியல்களில் அதன் பெயரைத் தேடாதீர்கள்.

ஆனால் விளிம்பைப் படிக்க அந்தச் சிறிய இயந்திரமே வாய்ப்பாக அமைந்தது. விளிம்பில் சூடு ஒன்றிரண்டு லட்சம் டிகிரி, அடர்த்தியும் குறைவு, ஒவ்வொரு ஓட்டமும் கண்ணிமைக்கும் நேரம். எனவே ஒரு மெல்லிய உலோக முனையை உள்ளே நீட்டினாலும் அது பிழைத்துத் திரும்பும். இதை லாங்மியூர் முனை என்பார்கள். பிளாஸ்மா என்று இந்தப் பொருளுக்குப் பெயர் வைத்த அதே இர்விங் லாங்மியூர் வகுத்த முறை. முனைக்கு ஒரு மின்னழுத்தம் கொடுத்து, அதில் ஓடும் மின்னோட்டத்தை விநாடிக்குப் பல்லாயிரம் முறை பதிய வேண்டும். கருவி அவ்வளவுதான். கிடைப்பது வெறும் இரைச்சல் போலத் தோன்றும் ஒரு கிறுக்கல் கோடு.

பல துகள்களின் தற்செயலான அசைவு என்றால் அந்தக் கிறுக்கலின் ஏற்ற இறக்கங்கள் மணி வடிவ வளைவில் அடங்க வேண்டும். சிறிய அசைவுகள் நிறைய, பெரியவை மிக அபூர்வம். ஆர். ஜா, பி. கே. காவ், ஒய். சி. சக்சேனா முதலியோரும் ஆதித்யா குழுவினரும் 1992இல் ‘பிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, அது அப்படி அடங்கவில்லை என்று காட்டியது. மணி வளைவு அனுமதிப்பதைவிடப் பெரிய துள்ளல்கள் மிக அதிகமாக வந்தன. கொந்தளிப்பு ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கவில்லை. அமைதிக்கு நடுவே வெடிப்பு வெடிப்பாக வந்தது.

இது ஏன் பெரிய விஷயம் என்று கொஞ்சம் நின்று யோசியுங்கள். சராசரியை மட்டும் பார்க்கிற பொறியாளர், சுவருக்கு இவ்வளவு வெப்பம் வருகிறது என்று ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு சுவரைக் கட்டுவார். வெப்பம் வெடிப்புகளாக வருகிறது என்றால் அந்த எண் அவரைக் காப்பாற்றாது. குறுகிய நேரத்தில் வரும் சில பெரிய திரள்கள், இழப்பின் பெரும் பங்கைச் சுமந்துவிடும். சுவரிலிருந்து உலோக அணுக்களைப் பெயர்த்தெடுப்பதும் அவைதான். அந்த அணுக்கள் உள்ளே போனால் ஒளியாக வெப்பத்தைக் கொட்டிவிட்டுப் பிளாஸ்மாவையே குளிர்விக்கும்.

பிறகு 2001இல் கிராஷெனின்னிகோவ் என்ற இயற்பியலாளர், திரள்கள் சுவரை நோக்கிப் பாய்வதற்கான கோட்பாட்டை எழுதினார். மேலே நீங்கள் போட்ட கணக்கின் வேர் அங்கே இருக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் விளிம்பில் சிறிது வாயுவை ஊதி, அது ஒளிர்வதை அதிவேகக் கேமராவில் பிடித்து, திரள்கள் பிய்ந்து போவதைக் கண்ணாலேயே காட்டினார்கள். உலகின் எந்த டோகமாக்கிலும் இன்று விளிம்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் திரள்களில்தான் தொடங்குகிறார்கள். ஒரு சிறிய இயந்திரமும் ஒரு கம்பியும் பொறுமையான புள்ளியியலும் கொண்டு அந்தப் பேச்சின் தொடக்கத்திலேயே இடம் பிடித்தவர்கள் நம் ஆட்கள். பெரிய இயந்திரம் இருந்தால்தான் பெரிய கேள்வி கேட்க முடியும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கொந்தளிப்பை அடக்க முடியுமா? 1982இல் ஜெர்மனியில் மியூனிக் நகருக்குப் பக்கத்திலுள்ள கார்ஷிங்கில், ஆஸ்டெக்ஸ் இயந்திரத்தில் ஃபிரீட்ரிக் வாக்னர் ஒன்றைக் கவனித்தார். சூடேற்றும் ஆற்றலைக் கூட்டக் கூட்டப் பிளாஸ்மா மோசமாகத்தான் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அதுவரை எல்லாரும் கண்டது அதுதான். ஒரு வரம்பைத் தாண்டியதும் திடீரென்று நிலைமை புரண்டது. விளிம்பில் கொந்தளிப்பு அடங்கி, வெப்பம் தங்கும் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. எந்தக் கோட்பாடும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. விளிம்பின் அடுத்தடுத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் வழுக்கி ஓடும்போது, சுழிகள் வளர்வதற்கு முன்பே கிழிபடுகின்றன என்ற விளக்கம் 1990 வாக்கில் உருப்பெற்றது. அந்த ஓட்டத்தில் ஒரு பகுதியைக் கொந்தளிப்பே உண்டாக்குகிறது என்பதும் பின்னர் தெரிந்தது. தன்னை அடக்கும் காற்றைத் தானே எழுப்பிக்கொள்ளும் ஒரு கொந்தளிப்பு! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உண்மை இது.

ஆனால் அடங்கிய விளிம்பும் சும்மா இருப்பதில்லை. சரிவு செங்குத்தாகிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் மொத்தமாகச் சரிந்து, பெரும் வெப்பத்தைச் சுவரில் கொட்டும். மறுபடி எழும், மறுபடி சரியும். ஈட்டர் அளவு இயந்திரத்தில் இதை விட்டுவைத்தால் உலோகம் தாங்காது. அதற்காகவே அங்கே பாத்திரத்துக்கு உள்ளேயே 27 சுருள்களைப் பொருத்தி, விளிம்பின் காந்தப்புலத்தை வேண்டுமென்றே சிறிது கலைக்கப் போகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு, இதுதான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வந்தது. விளிம்பு முழு அமைதியாக இருந்தால் வெளியேறும் வெப்பமெல்லாம் மெல்லிய ஒரு கோடாக இறங்கும். பழைய இயந்திரங்களின் அளவீடுகளை வைத்து 2013இல் கணித்தபோது, ஈட்டரில் அந்தக் கோட்டின் அகலம் 1 மில்லிமீட்டர் அளவுதான் என்று வந்தது. அடிப்பகுதியில் வெப்பத்தை வாங்கும் டங்ஸ்டன் தகடுகள் தொடர்ந்து தாங்கக்கூடியது சதுர மீட்டருக்கு 1 கோடி வாட் அளவு. 1 மில்லிமீட்டர் என்றால் பெரும் சிக்கல். 2017இல் சி. எஸ். சாங் குழுவினர் சூப்பர் கம்ப்யூட்டரில் ஈட்டரின் விளிம்பை விரிவாக இயக்கிப் பார்த்தபோது ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் என்று விடை வந்தது. கோட்டை அகலப்படுத்தியது எது தெரியுமா? கொந்தளிப்பேதான். இணைவில் உண்டாகும் ஹீலியம் என்னும் சாம்பலும் வெளியேற வேண்டுமே; முழுதாக அடைத்துவைத்தால் எரிபொருள் நீர்த்துப்போகும். ஆகவே கொந்தளிப்பை ஒழிக்கும் வழியை யாரும் தேடவில்லை. எவ்வளவு வேண்டும், எங்கே வேண்டும் என்று தெரிந்து அந்த அளவில் நிறுத்திவைக்கும் வழியைத் தேடுகிறார்கள். ஆதித்யாவில் விளிம்பில் சிறு அளவு வாயுவைத் துடிப்பாக ஊதிக் கொந்தளிப்பைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். மேம்படுத்தப்பட்ட ஆதித்யா-யு 2016 டிசம்பரில் முதல் பிளாஸ்மா கண்டது. அதில் ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது.

ஈட்டரில் இந்தியா 2006இல் கையெழுத்திட்ட பங்காளி. இயந்திரத்தை முழுதும் மூடி நிற்கும் 3,850 டன் எடையுள்ள எஃகுக் கூடு இந்தியாவின் பங்கு. 29 மீட்டர் உயரமும் கிட்டத்தட்ட அதே அகலமும் கொண்ட அந்தக் கூட்டின் பாகங்களைச் சூரத்துக்குப் பக்கத்து ஹஜீராவில் எல் அண்ட் டி செய்து கப்பலில் அனுப்பியது. நம் புடவைகளுக்குச் சரிகை வரும் அதே சூரத். 2020 மே மாதத்தில் அந்தக் கூட்டின் அடிப்பகுதியை இறக்கிவைத்தார்கள். எஃகு அனுப்பிவிட்டோம். அந்தக் கூட்டுக்குள் நடக்கப்போவதைப் படிக்கும் தலைகளையும் நாம் அனுப்ப வேண்டாமா? புதிய கால அட்டவணைப்படி ஈட்டரின் ஆய்வுப் பணி 2034இல் தொடங்கும். டியூட்டிரியம், டிரிட்டியம் இரண்டையும் கலந்து எரிப்பது 2039இல். இப்போது 17 வயதாகும் உங்களுக்கு அப்போது முப்பது நடக்கும். முனைவர் பட்டம் முடித்து, கை தேர்ந்த வயது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுப் போன சுப்பிரமணியன் சந்திரசேகர், காந்தப்புலத்திலுள்ள பாய்மங்கள் எப்போது நிலைகுலையும் என்று 1961இல் ஒரு பெரிய நூலே எழுதினார். இன்றும் அதைத் திறந்து பார்க்காமல் இந்தத் துறைக்குள் நுழைவது கடினம். அந்த வரிசையில் நிற்க உங்களுக்கும் தகுதி உண்டு என்று நம்புகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். தறியில் உட்கார்ந்து உங்களைப் படிக்கவைத்த வீட்டுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு அவசியம் என்பதை அறிவேன். ஆனால் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவருக்கு அது ஒன்றுதான் வழி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. டோகமாக்கைச் சுற்றி வெற்றிடப் பம்பு, வெல்டிங், மின்னணுவியல், கம்ப்யூட்டர் என்று பாலிடெக்னிக் படித்தவர்களுக்கும் வேலை நிறைய உண்டு.

உடனே செய்யக்கூடியவை சில. புள்ளியியலை விருப்பத்தோடு படியுங்கள். சராசரி, விலக்கம் என்பதோடு நிற்காமல், ஒரு பரவலின் வால் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பழகுங்கள். பைத்தான் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு கிறுக்கல் கோட்டைப் படிக்க அது போதும். எம்.எஸ்சி. சேரும்போது, காந்திநகர் நிறுவனம் முதுநிலை இயற்பியல் மாணவர்களுக்கும் பொறியியல் மாணவர்களுக்கும் நடத்தும் கோடைகாலப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள்.

கல்லூரிகளில் இயற்பியல் துறையை நடத்தும் நண்பர்களுக்கும் இங்கேயே ஒரு வேண்டுகோள். ஒரு கண்ணாடிக் குழாய், வெற்றிடப் பம்பு, உயர் மின்னழுத்த மூலம், டங்ஸ்டன் கம்பி ஒன்று, அதோடு தக்க மேற்பார்வை. இவை இருந்தால் ஒளிரும் பிளாஸ்மாவில் லாங்மியூர் முனையை நீட்டி, மாணவர்கள் தங்கள் கையாலேயே அளக்கலாம். இந்தச் சோதனையை அடுத்த கல்வியாண்டிலாவது உங்கள் எம்.எஸ்சி. ஆய்வகத்தில் சேருங்கள். கோடைப் பயிற்சிக்கான அறிவிப்பு வந்ததும் அச்சிட்டு, மாணவர்கள் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் இயற்பியல் ஆசிரியர் ஒருவர்